பரீட்சை யாருக்கு?

"எங்களுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை மேடம், கொஞ்சம் சீக்கிரம் பார்த்து அனுப்பிடுங்க" என்றார் அந்த அம்மா. பரீட்சை எழுதப்போவது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன். ஒரே வாரத்தில் நான் கேட்ட மூன்றாவது "எங்களுக்கு" இது. குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசனை என் வேலை. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனாவது படிக்கிறே?" என்று அவனைத்தான் கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பதில் சொன்னார். அப்பா வீட்டுப்பாட நோட்டை எடுத்து நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் டிக். "வீட்ல எல்லாம் சரியாப் போடுறான், பரீட்சையிலதான் கோட்டை விடுறான்."

எங்கள் தொழிலில் மதிப்பெண் அட்டையைவிட நோட்டு அதிகம் பேசும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விடைகளுக்கு அடியில் எல்லாம் அழித்த தடம். ஓரிடத்தில் தாளே தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டும் கணக்கில், அழித்த இடத்தில் 2/5 இன்னும் மங்கலாகத் தெரிந்தது. மேலே இருப்பதைத் தனியாக, கீழே இருப்பதைத் தனியாகக் கூட்டியிருக்கிறான். அழித்தது அப்பா. "தப்போட எப்படி மேடம் அனுப்புறது?"

தப்போடுதான் அனுப்ப வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதில்லை. வீட்டுப்பாடம் பெற்றோருக்கு வைத்த போட்டி இல்லை. பிள்ளைக்கு எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிவதே அதில்தான். அந்த 2/5 நோட்டில் இருந்திருந்தால் அவர் அன்றைக்கே பிடித்திருப்பார். நீங்கள் அழித்துவிட்டீர்கள், அவர் டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பரீட்சை ஹாலுக்கு ரப்பரோடு உங்களை விடமாட்டார்கள்.

அதே கணக்கைக் கொடுத்தேன். மறுபடி 2/5. "இது அரையைவிடப் பெருசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தான். அதற்குள் அப்பா இரண்டு முறை முன்னால் சாய்ந்தார், இரண்டு முறையும் கையைக் காட்டி நிறுத்தினேன். "சின்னது... அரையோட இன்னும் சேர்த்தா எப்படிக் குறையும்? அப்போ இது தப்பு" என்றான்.

"பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிப்பான்" என்பார்கள். 2009-இல் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் பற்றிய 50 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். வீட்டுப்பாடத்தில் உதவியதால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. படிப்பு எதற்கு, பிள்ளையின் ஆசைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பேசிய வீடுகளில்தான் நல்ல பலன் தெரிந்தது. 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு 1, 2 வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கைக் குறைவாகக் கற்றிருந்தார்கள். அதே பதற்றம் உள்ளவர்கள் அதிகம் உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு இல்லை.

அதற்காகக் கைகழுவச் சொல்லவில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதில் கைவைக்காதீர்கள். கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். போர்டு தெரியாத பிள்ளையை "கவனமே இல்லை" என்று திட்டித் திட்டி என்னிடம் கூட்டி வந்திருக்கிறார்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள், பத்துத் தடவை வாசிப்பதைவிட அது மனதில் நிற்கும். ஆசிரியரிடம் ரேங்க்கைக் கேட்காமல், எங்கே தடுமாறுகிறான் என்று கேளுங்கள்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். எங்கள் முதல் படிவத்தில் "குழந்தையிடம் உங்களுக்குப் பிடித்தது" என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டுவிட்டு, குறைகளை மட்டும் இடம் போதாமல் பின்பக்கம் வரை எழுதுகிறார்கள். அந்தப் படிவத்தைப் பிள்ளையும் எட்டிப் பார்க்கிறது. ஒரு வரியாவது எழுதுங்களேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பல மாதங்களாக எழுத்தோ எண்ணோ பிடிபடவில்லை என்றால், சோம்பேறி என்று பெயர் வைக்காமல் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள். கற்றல் குறைபாடாக இருக்கலாம். போகும்போது நோட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்காமல்.