99 தாங்கி, 5 மணித்தியாலம்

போன மாதம் சம்பூரில் ஒரு கூட்டத்தில் காபன் பிடித்தல், பயன்படுத்தல், சேமித்தல் பற்றிப் பேசினேன்: ஆலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்து, வளிக்குள் விடாமல் பயன்படுத்துவது அல்லது அடைத்து வைப்பது. முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்த பெரியவர் எழும்பினார்: “தம்பி, சீனக்குடாவில தாங்கியள் கனக்கச் சும்மா கிடக்கு. புகையைப் பிடிச்சு அதுக்குள்ள அடைச்சு வைக்கேலாதோ?”

நல்ல கேள்வி. பலகையிலேயே கணக்குப் போட்டோம். வெள்ளையர் காலத்து எண்ணெய்த் தாங்கி 99; ஒன்று சுமார் 12,000 கன மீற்றர் கொள்ளும். காபனீரொட்சைட்டு சாதாரண அமுக்கத்தில் கன மீற்றருக்கு 1.8 கிலோ. எல்லாவற்றையும் நிரப்பினாலும் ஏறக்குறைய 2,100 தொன்தான். சம்பூரில் கட்டவிருந்து 2016இல் கைவிட்ட நிலக்கரி மின்நிலையம் 500 மெகாவாற்று. அப்படியொன்று முழுவீச்சில் ஓடினால் நாளுக்குப் பத்தாயிரம் தொன் அளவில் கக்கும். 99 தாங்கியும் ஐந்து மணித்தியாலத்தில் நிரம்பிவிடும்.

அதனால்தான் நிலத்தடிக்குப் போகிறோம். சுமார் 800 மீற்றருக்குக் கீழே அமுக்கத்தில் இந்த வாயு திரவம்போல் நெருங்கிவிடும். அங்கே நுண்துளையுள்ள மணற்கல்லும், அதன்மேல் கசியவிடாத மூடுபாறையும் வேண்டும். நோர்வேயின் ஸ்லைப்னர் கடல் எரிவாயு வயலில் 1996 முதல் இறக்கியது அப்படிப்பட்ட மணற்கல்லுக்குள். கோணேசர் மலையைத் தொட்டுப் பாருங்கள், இறுகிய பழம்பாறை. திருமலையின் காலடியில் களஞ்சியம் இல்லை. தேடுவதானால் மன்னார், காவிரி எனப்படும் படிவுப்பாறைப் படுகைகளில்தான் தேட வேண்டும்.

நான் வேலை செய்த ஒரு சாத்தியவள ஆய்வில் எட்டு மாதமாகப் புகையைப் பிடிக்கும் இயந்திரத்துக்கே வரைபடம் கீறினோம். எங்கே வைப்பது என்று ஒன்பதாம் மாதம்தான் கேட்டார்கள். பிடித்த வாயுவைச் சேமிப்பிடத்துக்குக் கொண்டுபோகும் கப்பல் செலவையும் சேர்த்துப் பார்த்ததும் கோப்பு மூடப்பட்டது. அந்த எட்டு மாதம் இன்னும் மனதை உறுத்துகிறது.

“பிடித்ததை விற்கலாமே” என்பார்கள். தூத்துக்குடியில் 2016இல் கொதிகலன் புகையிலிருந்து சோடாச் சாம்பல் (சோடியம் காபனேற்று) செய்யத் தொடங்கினார்கள். பிடிக்கும் இலக்கு ஆண்டுக்கு 60,000 தொன் காபனீரொட்சைட்டு. நமது கணக்கில் அது ஆறு நாள் புகை. யூரியாவில் சேர்த்தாலோ, கிண்ணியா வயலில் எறிந்த கொஞ்ச நாளிலேயே வளிக்குத் திரும்பிவிடும்.

எதைப் பிடிப்பது என்பதிலும் தெரிவு வேண்டும். மின்சாரத்துக்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன. சீமெந்துக்கு அந்த வழி இல்லை. அதன் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. திருமலை ஆலை கிளிங்கரை (சூளையில் சுட்டெடுத்த சீமெந்துக் கட்டிகளை) இறக்குமதி செய்து அரைக்கிறது, சூளை இங்கே இல்லை. புத்தளத்தில் சூளை உண்டு, மன்னார்ப் படுகையும் கிட்ட. இலங்கையில் ஒரு ஆய்வுக்குத்தான் காசு என்றால் நான் அதற்கே கொடுப்பேன்.

பெரியவர் மறுபடி எழும்பினார். “குழாய் ஊருக்குள்ளாலயோ வரும்?”

கிணறு இறைக்க இறங்குமுன் அப்பு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். சுடர் அணைந்தால் எவரையும் இறங்க விடமாட்டார். கிணற்றில் தேங்குவதும் குழாயில் போவதும் அதே காபனீரொட்சைட்டுத்தான், காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். 2020இல் அமெரிக்காவின் சற்றார்சியா ஊரருகே காபனீரொட்சைட்டுக் குழாய் வெடித்தபோது மூச்சுத்திணறிப் பலர் வைத்தியசாலைக்குப் போனார்கள். வாகனங்களின் எஞ்சின்கூட நின்றுபோனது. 2006இல் இடம்பெயர்ந்து, பல வருடம் முகாமில் கிடந்து திரும்பிய ஊர் இது. குழாய்ப் பாதையைக் கீறுமுன் இந்த மக்களோடு உட்கார வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். அவர் அதை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.