கால் வழுக்காத பெடல்: முள் பாதி, ரப்பர் பாதி

மழை விட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்களுக்கு இந்த வலி தெரிந்திருக்கும். எழுந்து நின்று ஓங்கி ஒரு மிதி மிதிப்போம். செருப்பு வழுக்கும். விடுபட்ட பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே, சதையே இல்லாத எலும்பில் ‘ணங்’கென்று அடிக்கும். பழைய சைக்கிளின் பெடலில் இருப்பது இரண்டு ரப்பர் கட்டைகள். செருப்பின் அடியும் ரப்பர்தான். வெயில் நாளில் இரண்டும் ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று புகுந்துவிட்டால் அந்தப் பிடிப்பு அவ்வளவும் போய்விடும்.

மலைப்பாதையில் ஓடும் மவுண்டன் பைக்கில் இந்தச் சிக்கல் பல மடங்கு பெரிது. தண்ணீரோடு சேறும் சேரும். சக்கரத்துக்கு அடியில் கல்லும் வேரும் பள்ளமும் மாறி மாறி வரும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, ஷூவின் அடியில் ஓர் உலோகத் துண்டைப் பொருத்தி அதைப் பெடலோடு பூட்டிவிடுவது. பனிச்சறுக்குக் காலணியின் பூட்டிலிருந்து பிறந்த இந்த யோசனையை பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984-இல் சாலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மலைச் சைக்கிளுக்கு ஏற்ற சிறிய பூட்டை ஜப்பானின் ஷிமானோ 1990-இல் தந்தது. இன்னொரு தீர்வு, எதையும் பூட்டாமல் பெடலை அகலமான தட்டாகச் செய்து, அதன் இரண்டு முகங்களிலும் சின்னச் சின்ன உலோக முட்களைப் பொருத்துவது. இதுதான் ஃப்ளாட் பெடல். நினைத்த நொடியில் காலை எடுத்துத் தரையில் ஊன்றலாம் என்பதால் புதிதாக ஓட்டுபவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பார்கள். ஆனால் இது புதியவர்களுக்கு மட்டுமான பெடல் இல்லை. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில், மலை இறக்கத்தில் வேகமாக ஓட்டும் டவுன்ஹில் போட்டியின் 2006, 2007 உலகப் பட்டங்களை ஃப்ளாட் பெடலில்தான் வென்றார். எதிரில் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் காலைப் பூட்டிக்கொண்டு ஓட்டிய எண்டியூரோ (ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதையில் இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் போட்டி) உலகத் தொடரையும் 2017 முதல் 2019 வரை மூன்று முறை தொடர்ந்து கைப்பற்றினார்.

பூட்டு இல்லாமல் அந்தக் கால் எப்படி நிற்கிறது?

கடைகளில் ‘பின்’ என்று சொல்லப்படும் அந்த முள், பெயருக்கு ஏற்றபடி எதையும் குத்துவதில்லை. அமுக்குகிறது. நம் எடை இறங்கும்போது முள்ளின் தலை ரப்பரில் ஒரு குழியை உண்டாக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிடும். இனி ஷூ நகர வேண்டுமானால் உராய்வை வென்றால் மட்டும் போதாது. ஒவ்வொரு முள்ளுக்கும் முன்னால் இருக்கும் ரப்பரை நசுக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முள்ளின் தலை சிறியது, அதனால் அதன்கீழ் அழுத்தம் மிக அதிகம். தண்ணீரும் சேறும் அங்கே தங்க முடியாமல் பிதுங்கி வெளியேறிவிடும். அம்மி கொத்துபவரின் உளி செய்வதும் ஏறக்குறைய இதுதான். வழுவழுப்பாகிப்போன அம்மியில் மிளகாய் பிடி கொடுக்காமல் ஓடும். புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டால் அதே அம்மி அதே மிளகாயைப் பிடித்து அரைக்கும்.

அப்படியானால் முள் எத்தனைக்கு எத்தனை கூடுகிறதோ அத்தனைக்கு அத்தனை பிடிப்பும் கூட வேண்டுமே? பெடல் வாங்கப் போகும் பலர் செய்யும் பிழை இதுதான். முதல் பெடல் வாங்கியபோது நானும் முட்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு பெடல்களிலும் எழுந்து நிற்கிறார். பெடலுக்குப் பத்து முள் வீதம் ஷூவைத் தொடுவது மொத்தம் 20 முள் என்றால், ஒரு முள்ளுக்கு மூன்றரை கிலோ. முள்ளின் விட்டம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் தலையில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 28 கிலோ. காரின் டயரில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. இப்போது முட்களை இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வொன்றின் பங்கும் பாதியாகும், ரப்பரில் அது இறங்கும் ஆழமும் குறையும். ஆணிப்படுக்கையில் படுத்தவரின் முதுகு கிழியாததற்கும் இதுதான் காரணம்: ஆணி நிறைய இருந்தால் எந்த ஆணியும் உள்ளே இறங்காது. ஆகவே நெருக்கமாக நட்ட குட்டையான முப்பது முட்களைவிட, தள்ளித் தள்ளி நிற்கும் மெல்லிய, உயரமான பத்து முட்கள் நன்றாகப் பிடிக்கும்.

ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கரடுமுரடான இறக்கத்தில்தான் தெரியும். அங்கே கால் பெரும்பாலும் வழுக்கி விலகுவதில்லை, தூக்கி எறியப்படுகிறது. கல்லில் ஏறிய சக்கரம் அடுத்த நொடியே பள்ளத்தில் விழுகிறது. அதோடு பெடலும் கீழே போகிறது, கால் மேலேயே நிற்கிறது. அழுத்தும் எடை இல்லாதபோது உராய்வும் இல்லை. அந்தக் கணத்தில் ஷூவைப் பக்கவாட்டில் நகரவிடாமல் வைத்திருப்பது, ரப்பரின் குழிக்குள் இன்னும் மிச்சமிருக்கும் முள்ளின் உயரம் மட்டுமே. பெடல் காலைவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்கு விலகிப் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். முள் 2 மில்லிமீட்டர் புதைந்திருந்தால் அது முழுதாக வெளியே வர சுமார் 20 மில்லி வினாடி ஆகும். 4 மில்லிமீட்டர் புதைந்திருந்தால் சுமார் 29 மில்லி வினாடி. ஆழத்தை இரட்டிப்பாக்கினாலும் நேரம் இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்குதான் கூடுகிறது. முள்ளால் வாங்கித் தர முடிந்த அவகாசம் இவ்வளவே. மீதியைக் கால்தான் செய்ய வேண்டும்.

நல்ல ஓட்டுநர்கள் இறக்கத்தில் குதிகாலைக் கீழே இறக்கி ஓட்டுவதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சக்கரம் கல்லில் மோதும்போது சைக்கிள் சட்டென்று வேகம் குறைகிறது. உடம்பு முன்னோக்கிப் போகப் பார்க்கிறது. காலின் அழுத்தம் அப்போது பெடல் தட்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் 20 பாகை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். வழுக்காமல் நிற்கத் தேவைப்படும் உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்க வேண்டும் என்ற எண், 20 பாகையின் டேன்ஜென்ட்: 0.36. குதிகாலை 15 பாகை இறக்கினால், அச்சில் தாராளமாகச் சுழலும் பெடல் தட்டும் கூடவே சாயும். இப்போது மிச்சமிருப்பது 5 பாகை. தேவைப்படும் கெழு 0.09-க்கும் கீழே போய்விடும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பெடலும் இப்படி ஒரு வித்தியாசத்தைத் தருவதில்லை. அப்புறம், குதிகால் இறங்கியிருக்கும்போது கணுக்கால் ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்யும். பெடல் கீழே போனால் பாதமும் அதன் பின்னாலேயே போகும்.

இனி ரப்பர். பெடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷூவைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதி விஷயம் போய்விடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். முள் நிறைந்த என் முதல் பெடலை ஓட்டத்துக்கான சாதாரண ஷூவோடு ஒரு பருவம் முழுக்க ஓட்டினேன்; ஈர வேரில் ஏறும்போதெல்லாம் கால் எகிறியது. பெடல் சரியில்லை என்று நினைத்திருந்தேன். அதே பெடலில், தட்டையான மெத்தென்ற அடி கொண்ட ஷூவை மாட்டிய அன்றே கால் நின்றது. ஓட்ட ஷூவின் அடியில் ஆழமான பள்ளங்களும் கட்டைகளும் இருக்கும். சில முட்கள் பள்ளத்தில் விழுந்து எதையும் தொடாமல் நிற்கும், மற்றவை கெட்டியான கட்டையின் மேல் நின்று வழுக்கும். மலையேற்ற பூட்ஸும் இப்படித்தான்.

ரப்பரில் இரண்டு குணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று மென்மை. இதை ஷோர் ஏ என்ற அளவுகோலில் 0 முதல் 100 வரை அளப்பார்கள். எண் குறைந்தால் ரப்பர் மெத்தென்று இருக்கும், முள் ஆழமாக இறங்கும். இரண்டாவது குணத்தைப் பலர் கவனிப்பதில்லை: அமுங்கிய ரப்பர் எவ்வளவு மெதுவாக மீள்கிறது என்பது. குழந்தைகள் விளையாடும் ரப்பர் பந்து தரையில் பட்டதும் எகிறும். வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தருகிறது. ஷூ அப்படிச் செய்தால் ஒவ்வொரு கல்லிலும் பெடல் காலை உதைத்துத் தள்ளும். நல்ல பெடல் ஷூவின் ரப்பர் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை உள்ளேயே வெப்பமாக மாற்றிவிட்டு, சோம்பலாக எழுந்திருக்கும். எழும்போதும் முள்ளைச் சுற்றிய குழி உடனே மூடிக்கொள்ளாது. பாறை ஏறுபவர்கள் தேடியதும் இதே குணத்தைத்தான். 1985-இல் சார்லஸ் கோல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபைவ் டென் நிறுவனம் பாறையேற்றக் காலணிக்காக உருவாக்கிய ஸ்டெல்த் ரப்பர், பிறகு மலைச் சைக்கிள் ஷூவுக்கு வந்தது அதனால்தான். இந்த வகை ரப்பருக்கு ஒரு குறை உண்டு: குளிரில் விறைத்துக்கொள்ளும். ஊட்டி மாதிரி இடத்தில் அதிகாலையில் கிளம்பினால் முதல் சில நிமிடங்கள் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும்.

பெடலின் வடிவத்துக்கு வருவோம். பாதத்தின் முன்பக்கம் தட்டையானது இல்லை, எடை தாங்கும்போது ஷூவின் அடி நடுவில் சற்றே கீழே தொய்யும். அதனால் முன் விளிம்பும் பின் விளிம்பும் உயர்ந்து நடுப்பகுதி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்த, தாம்பாளம் போன்ற பெடல் பாதத்தை உள்ளே உட்காரவைத்துக்கொள்ளும். மலிவான பெடல்களில் இது தலைகீழாக இருக்கும். நடுவே அச்சும் பேரிங்கும் போக இடம் வேண்டுமே என்று அங்கே மேடாக்கிவிடுவார்கள். பாதம் அந்த மேட்டின்மேல் ஊசலாடும். பெடலின் தடிமனும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியம். பெடல் அச்சில் தாராளமாகச் சுழல்வதால், பாதம் அச்சுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு எளிதாகப் பெடல் கவிழப் பார்க்கும். உருளும் மரக்கட்டை மேல் நிற்பதைப் போலத்தான். மெல்லிய பெடல் பாதத்தை அச்சுக்கு அருகே கொண்டுவருகிறது; பாறையில் இடிபடுவதும் குறைகிறது. ஒரு பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டு பெரும்பாலான பாதங்களுக்குப் போதும். பத்தாம் எண்ணுக்கு மேல் ஷூ போடுபவர்கள் இன்னும் நீளமானதைப் பார்க்கலாம்.

அலுமினியமா நைலானா என்ற கேள்விக்கு நான் அதிகம் தயங்குவதில்லை. உலோக முட்கள் பொருத்திய நைலான் பெடல் விலை குறைவு, பாறையில் உரசினால் சறுக்கிப் போய்விடும், முதல் பெடலுக்கு அதுவே நல்லது. முள்ளும் பிளாஸ்டிக்காகவே வார்க்கப்பட்டிருந்தால் மட்டும் வேண்டாம், சீக்கிரமே மழுங்கிவிடும். கழற்றி மாட்டும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு.

முள்ளை எந்தப் பக்கத்திலிருந்து திருகியிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். மேலிருந்து திருகும் தலையில்லாத முட்களின் உச்சியிலேயே ஆலன் கீ (அறுகோணச் சாவி) போகும் குழி இருக்கும். அதன் கூரான விளிம்பு நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பாறையில் ஒருமுறை இடிபட்டால் குழி நசுங்கி, முள்ளைக் கழற்றவே முடியாமல் போகும். அடியிலிருந்து திருகும் முள்ளில் இந்தத் தொல்லை குறைவு. ஆலன் கீ போகும் தலை மறுமுகத்தில் பத்திரமாக இருக்கும். அதன் தலைக்கு அடியில் ஒரு வாஷரைப் போட்டால் முள்ளின் உயரம் குறையும், எடுத்தால் கூடும். என் பெடலில் அச்சுக்கு மேலே நடுவில் இருந்த முட்களுக்கு வாஷர் போட்டுக் குட்டையாக்கினேன், விளிம்பில் இருப்பவற்றை முழு உயரத்தில் விட்டேன். பாதம் நடுவில் இன்னும் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. பிடிப்பு அதிகமாகி, காலைத் தூக்காமல் பாதத்தை நகர்த்தவே முடியவில்லை என்று தோன்றினால் விளிம்பு முட்களுக்கும் ஒவ்வொரு வாஷர் போட்டுப் பாருங்கள். சிலருக்கு அதுதான் வசதியாக இருக்கிறது. உயரமான முள் காலில் பட்டால் ஆழமாகவே கிழிக்கும், பழகும் வரை முழங்காலுக்குக் கீழே கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

முட்கள் தேயும். சில மாதங்களுக்கு ஒருமுறை சேற்றைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு முள்ளின் உச்சியையும் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். விளிம்பு விரலில் தட்டுப்பட வேண்டும். அதிகம் தேய்வது முன் விளிம்பில் இருக்கும் முட்கள். அவை உருண்டு வழுவழுப்பாகியிருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரு ஆலன் கீ, கால் மணி நேரம்.