ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் சொன்னோம், கட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை

மறுபடியும் ஒருவர். பைக்கில் சறுக்கி விழுந்து கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்திருந்தது. எலும்பு விலகவில்லை, மூட்டு அதன் இடத்திலேயே இருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுக்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வந்தபோது காலில் எங்கள் கட்டும் இல்லை. அரிப்பு தாங்காமல் பத்தாம் நாளே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிரித்துவிட்டு, சொந்தக்காரர் சொன்ன இடத்தில் எண்ணெய் போட்டு நீவிக் கட்டிக்கொண்டாராம். இப்போது பாதம் வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்கிறது, அந்த நிலையிலேயே எலும்பு கூடவும் ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷனே தேவைப்படாத காலுக்கு, கூடிய எலும்பை வெட்டித் திரும்ப நேராக்கும் பெரிய ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஆபரேஷன் வேண்டாம்" என்று நாங்கள் சொன்னதும் வீட்டில் உள்ளவர்கள் காதில் "பெரிதாக ஒன்றுமில்லை" என்று விழுகிறது. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள்: ஆபரேஷன் இல்லாமல் பார்ப்பதும் முழு வைத்தியம்தான். பிளேட்டும் ஸ்க்ரூவும் செய்யும் வேலையை வெளியில் இருந்து மாவுக்கட்டு செய்கிறது. பிளேட்டைப் பாதியில் யாரும் பிடுங்கிப் போடமாட்டார்கள், கட்டை மட்டும் ஏன் பிரிக்கிறீர்கள்? வலி குறைந்துவிட்டது, அதனால் கூடிவிட்டது என்கிறார்கள். வலி ஒன்றிரண்டு வாரத்திலேயே நன்றாகக் குறைந்துவிடும், எலும்பு பிடிக்க ஆறு வாரம் போல ஆகும். இடையில் இருக்கும் அந்த நாட்களில்தான் இத்தனை கூத்தும் நடக்கிறது.

கணுக்கால் மூட்டு கொஞ்சம் கறாரானது. காலின் இரண்டு எலும்புகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, நடுவில் பாதத்தின் மேல் எலும்பு, மரவேலையில் கழுந்து துளைக்குள் உட்கார்வது போல இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த எலும்பு வெறும் 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால் மூட்டில் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். முழு எடையும் மிச்சமுள்ள இடத்தில் இறங்கினால் சில வருடங்களில் மூட்டு தேய்ந்துவிடும். முறிவைவிட மூட்டு நகர்ந்திருக்கிறதா என்றுதான் நாங்கள் அதிகம் பார்ப்போம். வெளிப்பக்க எலும்பு மட்டும் முறிந்து, உள்பக்க எலும்பும் ஜவ்வும் நன்றாக இருந்தால் மூட்டு நகராது, கட்டிலேயே கூடிவிடும். சந்தேகம் இருந்தால் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுப்போம். நிற்கச் சொல்வதைப் பார்த்து "முறிந்த காலை ஊன்றச் சொல்கிறாரே" என்று கோபப்படாதீர்கள், எடை விழும்போது மூட்டு அசைகிறதா என்று பார்க்க அதுதான் வழி.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. "செலவைப் பற்றிக் கவலை இல்லை, பிளேட்டே வைத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள். மூட்டு நகராத, நிலையான முறிவுக்குக் கத்தி வைத்தால் கிருமித் தொற்று, புண் ஆறாமை என்று இல்லாத தொல்லைகளை வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். மூட்டு நகரக்கூடிய, நிலையற்ற முறிவிலேயே கூட, 60 வயதுக்கு மேற்பட்ட 620 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. காலோடு ஒட்டிப் போட்ட கட்டுக்கும் ஆபரேஷனுக்கும் ஆறு மாதம் கழித்து நடமாட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிறகு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. அடுத்த வாரம் எக்ஸ்ரேவுக்கு வா, வா என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான். வீக்கம் வடிந்ததும் கட்டு தளரும், உள்ளே எலும்பு நகரலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் எளிதாகச் சரிசெய்துவிடலாம்.

நீவுவதைப் பற்றி. பரம்பரையாகக் கட்டுப் போடுகிறவர்களை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் புதிதாக முறிந்த இடத்தை எண்ணெய் போட்டு நீவினால் விலகாத எலும்பும் விலகும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுத்துப்போய் வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் எங்களாலும் அதிகம் செய்ய முடிவதில்லை.

நடக்க முடிகிறதே, அப்புறம் எப்படி முறிவு என்று கேட்காதீர்கள். முறிந்த காலோடு நொண்டி நடந்து வருபவர்கள் நிறைய. கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் சரி, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கட்டுப் போட்ட முதல் சில நாட்கள் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் நீட்டுவது போதாது, படுத்துத் தலையணை அடுக்கிக்கொள்ளுங்கள். விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள். அரித்தால் ஸ்கேல், பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள், உள்ளே புண்ணானால் வெளியே தெரியாது. நனைக்காதீர்கள். எப்போது ஊன்றலாம் என்பது ஆளுக்கு ஆள், முறிவுக்கு முறிவு மாறும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்கு இல்லை. பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்துங்கள். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நடுராத்திரியானாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

கட்டு எடுத்ததும் கால் மெலிந்து, விறைத்து, தோல் உரிந்து கிடக்கும், மாலையானால் வீங்கும். பயப்படாதீர்கள், சில மாதம் அப்படித்தான் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முறிவே வலிக்காமல் போகலாம், கட்டு உரசிப் புண்ணானாலும் தெரியாது. உங்களுக்குக் கட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் இருக்க வேண்டியிருக்கும், அடிக்கடி நாங்களே அதைப் பிரித்துத் தோலையும் பார்க்க வேண்டும். கால் திடீரென்று சூடாகி, சிவந்து வீங்கினால் வலியே இல்லை என்றாலும் அன்றைக்கே காட்டுங்கள். சர்க்கரை இருக்கிறது என்பதை நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.