சொல் விளக்கம்: நிலவு 'மாதிரி' கொண்டுவருதல்

நிலவு போன்ற இடத்துக்குக் கலம் அனுப்பி, அங்கிருந்து மண்ணையும் பாறையையும் பூமிக்குக் கொண்டுவருவது 'சாம்பிள் ரிட்டர்ன் மிஷன்'. இதைத் தமிழில் 'மாதிரி திரும்பும் திட்டம்' என்றும் 'மாதிரி மீட்புத் திட்டம்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் கோளாறு இருக்கிறது.

முதலில் 'மாதிரி'. இச்சொல்லை ஒப்புமைப் பொருளில் பெரிதும் வழங்குகிறோம்: 'அவன் மாதிரி', 'மாதிரி வினாத்தாள்'. சாம்பிள் அப்படியன்று. இலத்தீனில் 'எக்ஸெம்ப்ளும்', 'வெளியே எடு' என்ற வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்தது. 'எக்ஸாம்பிள்' அதன் உடன்பிறப்பு. அதற்கு நாம் வைத்திருக்கும் 'எடுத்துக்காட்டு' என்ற சொல்லிலும் அதே 'எடு' இருப்பது ஓர் அழகு.

குழப்பம் வெறும் இலக்கணச் சண்டையன்று. சந்திரயான்-2 சோதனைகளுக்காக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளின் அனார்த்தோசைட் என்ற, நிலவுப் பாறையை ஒத்த பாறையைப் பொடித்து, நிலவு மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ உருவாக்கியது. மாதிரி மண் என்றால் உண்மையில் அதுதான். நிலவிலிருந்தே அள்ளி வந்ததையும் 'மாதிரி' என்றால், போலி எது, அசல் எது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சாம்பிள் செய்யும் வேலை அதுவே. சந்தையில் குவியலிலிருந்து பிரித்து வைப்பது கூறு. இரண்டையும் சேர்த்துப் 'பதக்கூறு' என்பது என் பரிந்துரை. ஆனால் நிலவு ஒரே கொதியில் வெந்த பானையல்ல. அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த எரிமலைப் பாறைகள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. சீனாவின் சாங்'இ-5 கலம் எடுத்தது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. இடம் மாற்றி மாற்றி எடுக்கவேண்டியிருப்பது அதனால்தான்.

அடுத்து 'ரிட்டர்ன்'. திரும்பு, திருப்பு என்று தன்வினையையும் பிறவினையையும் தமிழ் பிரிக்கும்; ஆங்கிலத்தில் ஒரே வடிவம். பதக்கூறு தானாகத் திரும்புவதில்லை, கொண்டுவரப்படுகிறது. 'மீட்பு' என்றால் இழந்ததைப் பெறுவது. நிலவு மண்ணை நாம் எப்போது இழந்தோம்? 'கொணர்தல்' பொருந்தும்: நிலவுப் பதக்கூறு கொணர் திட்டம்.

முதலில் கொணர்ந்த எந்திரக்கலம் சோவியத்தின் லூனா-16. 1970 செப்டம்பர் 20-ல் 'வளமைக் கடல்' எனப்படும் நிலவுச் சமவெளியில் இறங்கி, சுமார் 35 செ.மீ. துளையிட்டு, 101 கிராம் எடுத்தது. மேலெழுந்த பகுதி செங்குத்தாகக் கிளம்பி, வழியில் பாதைத் திருத்தமே இல்லாமல் நேரே பூமிக்கு வந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளின் எடை மிச்சம். ஆனால் நிலவின் கிழக்குப் பக்கத்தில் குறிப்பிட்ட பகுதியிலிருந்து புறப்பட்டால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். லூனா-15, 18 நொறுங்கின. லூனா-23 இறங்கும்போதே சேதமடைந்ததால் மண் எடுக்க முடியவில்லை. 1976-ல் லூனா-24 இரண்டு மீட்டருக்கும் மேல் துளைத்து 170 கிராம் கொண்டுவந்தது.

கிலோ கணக்கில் வேண்டுமென்றால் அந்த எளிய வழி போதாது. 2020 டிசம்பரில் சாங்'இ-5 செய்தது வேறு: ஏறுகலம் நிலவுச் சுற்றுப்பாதைக்குப் போய், அங்கே காத்திருந்த கலத்துடன் இணைந்து, மண் கலனைக் கைமாற்றியது. பூமிக்குத் திரும்பும் எரிபொருளை நிலவின் தரைக்கு இறக்கி மறுபடி ஏற்றும் சுமை இதில் இல்லை. விநாடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வேகத்தில் வந்த பெட்டகம், குளத்தில் எறிந்த சில்லு தத்துவதுபோல வளிமண்டலத்தில் ஒருமுறை தத்தி, வேகம் குறைந்து, உள் மங்கோலியாவில் இறங்கியது. கிடைத்தது 1,731 கிராம். இரண்டு மீட்டர் துளையிட வேண்டிய கருவி, சுமார் ஒரு மீட்டரில் தடைபட்டு நின்றது. 2024-ல் சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் கொணர்ந்தது. அங்கிருந்து பூமி தெரியாது என்பதால் இடையில் ஒரு தொடர்புத் துணைக்கோள் வேண்டியிருந்தது.

இந்தியாவின் சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. செலவு மதிப்பு 2,104.06 கோடி ரூபாய். ஐந்து பகுதிகளை இரண்டு எல்விஎம்-3 ஏவூர்திகளில் அனுப்புவது திட்டம். சாங்'இ-5 போல இந்த வழியிலும் கலங்கள் விண்வெளியில் இணையத் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 16-ல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் பூமிச் சுற்றுப்பாதையில் அதைச் செய்துகாட்டின.