எக்கோவில் 60 வந்தால் 40 போய்விட்டது என்று அர்த்தமில்லை

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, "டாக்டர், இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்யுதாம், மீதி 40 போயிடுச்சா?" என்று கேட்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம், கூட வந்த மகள் அழுத கண்ணோடு நிற்கிறார். அவருடைய இதயத்துக்கு ஒன்றுமே இல்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 60 இ.எஃப்., அதாவது இதயம் ஒருமுறை சுருங்கும்போது இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. அது பரீட்சை மார்க் அல்ல. இடது கீழறை நிரம்பும்போது 120 மில்லி ரத்தம் இருக்கிறது என்று வையுங்கள். சுருங்கும்போது 70 மில்லி வெளியே போகிறது, 50 மில்லி உள்ளேயே தங்குகிறது. 70ஐ 120ஆல் வகுத்தால் ஏறக்குறைய 58 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. எந்த இதயமும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து தள்ளாது, தள்ளவும் கூடாது. பெரியவர்களுக்கு 55 முதல் 70 வரை இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 80 என்று வந்தால்தான் நான் மறுபடி புரோபை (ஸ்கேன் செய்யும் கைக்கருவியை) வைத்து, தசை தடித்திருக்கிறதா, மைட்ரல் வால்வு கசிந்து ரத்தம் பின்னால் போகிறதா என்று தேடுவேன்.

சதவீதம் வேறு, வெளியேறும் அளவு வேறு. வீங்கிய இதயத்தில் 200 மில்லி நிரம்பி அதே 70 போனால் 35 சதவீதம்தான் வரும். அளவு தெரிய, பெருநாடி வால்வுக்குக் கீழே பாதையின் விட்டத்தை அளந்து, அதிலிருந்து வரும் பரப்பை டாப்ளரில் (ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் முறையில்) கிடைக்கும் எண்ணோடு பெருக்க வேண்டும். அங்கே 2 செ.மீ.யை 1.8 என்று அளந்தால் ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் கணக்கில் காணாமல் போய்விடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், மூச்சை விட்டு நிறுத்துங்கள் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது தெளிவான படத்துக்காகத்தான்.

போன முறை 60, இப்போது 56 என்றால் பதற வேண்டாம், அளப்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். ஆனால் 60 இருந்தும் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் "எக்கோ நார்மல்" என்று சும்மா இருக்காதீர்கள், சரியாகச் சுருங்கும் இதயம் சரியாக விரியாமலும் போகலாம்.

அப்புறம், 35 இருந்தது 52 ஆகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த 52ஐப் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாலும் அந்த மாத்திரைதான். அப்படி நிறுத்திவிட்டு, நான்கு மாதம் கழித்து, உட்கார்ந்தபடியே தூங்கும் நிலையில் வந்த ஒருவரைப் போன மாதம்தான் பார்த்தேன்.