கேஸ் கீசரின் புகைக்குழாய் ஏன் அளவுக்கு மீறிச் சுடுகிறது?

மின்வெட்டுக்குப் பயந்து கேஸ் கீசருக்கு மாறிய வீடுகள் லெனேசியாவிலும் சாட்ஸ்வொர்த்திலும் தென்னாப்பிரிக்காவில் நிறைய உண்டு. நன்றாக எரிந்துகொண்டிருக்கும் கீசர் பாதிக் குளியலில் அணைந்துபோய், புகைக்குழாய் சூடு மீறிவிட்டது என்று பிழை காட்டும். அந்தச் சூட்டைக் கவனித்து கீசரை அணைப்பது ஒரு சென்சார். உடனே யாராவது, "சென்சார் போயிடுச்சு, ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கி விட்டுடலாம்" என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எரிவாயு தரும் வெப்பம் ஒன்று தண்ணீருக்குள் போகவேண்டும், இல்லையென்றால் புகையோடு வெளியேற வேண்டும். புகை அதிகமாகச் சுட்டால், தண்ணீர் தன் பங்கை வாங்கவில்லை, அல்லது எரிவாயு தேவைக்கு மேல் வருகிறது. இங்கே எல்பிஜி கீசருக்கு வரவேண்டிய அழுத்தம் சுமார் 2.8 கிலோபாஸ்கல். ரெகுலேட்டர் பழுதாகி அது ஏறிவிட்டால் சுடரும் பெரிதாகிவிடும்.

தண்ணீர்ப் பக்கம் பார்ப்பது எளிது. உள்வரும் குழாயின் சல்லடையில் மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது, தண்ணீரைச் சூடாக்கும் வெப்பமாற்றிக்குள் சேரும் சுண்ணாம்புப் படிவு. ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே சுண்ணாம்புச் சத்துள்ள டோலமைட் பாறை பரந்து கிடக்கிறது. அங்கே போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். செம்போடு ஒப்பிட்டால், சுண்ணாம்புப் படிவு நூறில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூடக் கடத்தாது.

புகைப் பக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் கடலோர டர்பனில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. டர்பனில் சரிசெய்த கீசரை அப்படியே மேலே கொண்டுபோய் மாட்டினால் காற்று போதாமல் போகலாம். நீலமாக எரியவேண்டிய சுடரின் நுனி மஞ்சளாகும். வெப்பமாற்றியின் மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி படியும். விரலால் தொட்டால் மையாக ஒட்டும். கரியும் வெப்பத்தைத் தடுக்கும், அதனால் சூடு மேலே போகிறது. இடைவெளிகள் அடைபட அடைபடக் காற்று இன்னும் குறையும், கரி இன்னும் சேரும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உருவாகும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. குழாய் வாயில் பறவைக்கூடு அடைத்திருந்தால் அந்தப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். மஞ்சள் சுடரைப் பார்த்தால் கீசரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, பதிவுபெற்ற கேஸ் பணியாளரைக் கூப்பிடுங்கள். பர்னரையும் ரெகுலேட்டரையும் நாமே கழற்றக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால், அப்புறம்தான் சென்சார் மீது சந்தேகப்பட வேண்டும். அதில் இரண்டு வகை பொதுவானவை. ஈருலோகத் தகடு வைத்தது சூடேறினால் வளைந்து சுற்றைத் துண்டிக்கும். நன்றாக ஆறிய பிறகு, மின்சாரத்தைத் துண்டித்து, மறு அமைப்புப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். அப்போதும் திறந்த சுற்றாகவே இருந்தால் சென்சார்தான் பழுது. மற்றது தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு உறுப்பு; கையால் சூடேற்றும்போது அதன் மின்தடை சீராகக் குறைய வேண்டும், தாவக் கூடாது. புதியது வாங்கும்போது அதன் உடலில் பொறித்த வெப்பநிலை எண் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் எண் உள்ளதை மாட்டினால் கீசர் அணையாமல் ஓடும், புகைக்குழாயின் சூடு அப்படியேதான் இருக்கும்.