நனைந்த புத்தகமும் காசிமேட்டு இறாலும்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கொட்டிவிட்டுப் போன மழையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு சின்னப் படிப்பகத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அது வடிய மூன்று நாளாயிற்று. கீழ்த்தட்டுப் புத்தகங்களை எடுக்கப் போனால் ஒன்றுகூட அசையவில்லை. டிஎன்பிஎஸ்சி கைடுகள் ஊறிப் பருத்து, இரும்பு ரேக்கின் பக்கத் தகட்டையே வெளியே தள்ளியிருந்தன. நான் பலத்தையெல்லாம் போட்டு ஒன்றை இழுத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது.

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நாருக்கும் நாருக்கும் இடையே பசை கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் பிடித்துவைத்திருக்கின்றன. தண்ணீர் அந்த இடைவெளிகளில் புகுந்து பிணைப்பைத் தளர்த்துகிறது, நாரும் உப்புகிறது. இப்போது வரும் சாதாரணப் புத்தகம் தன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அட்டையும் தாளும் ஒரே அளவில் உப்புவதில்லை என்பதால் பைண்டிங் பிய்கிறது. ரேக்கில் இறுகிய புத்தகத்தை இழுக்கக்கூடாது; பக்கத் தகட்டைக் கழற்றி அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அட்டையைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். மழை விட்டு வெயில் அடித்த முதல் நாளே மொட்டைமாடியில் வடகம் காயப்போடுகிற மாதிரி புத்தகங்களைப் பரப்பினேன். சாயங்காலம் எல்லாம் அப்பளமாய் நெளிந்திருந்தன. காகித ஆலையில் ஈரக் கூழை உருளைகளில் அழுத்திக் காயவைக்கும்போதுதான் நார்கள் மறுபடி கைகோத்துத் தாளாகின்றன. வெயிலில் காயும் புத்தகத்திலும் அதே வேலை நடக்கிறது, உருளையின் அழுத்தம் மட்டும் இல்லை. ஓரம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, நடுப்பகுதி ஈரமாகவே நிற்கிறது. நார் எந்த நெளிவில் நிற்கிறதோ அந்த நெளிவிலேயே பிணைப்பு விழுந்துவிடும். மலிவுத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெயில் பட்டால் மஞ்சளடிக்கும்.

இருந்ததில் மோசமான நிலை அட்லஸுக்குத்தான். வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல் சீனாக் களிமண்ணை ஒரு பசையோடு குழைத்துப் பூசியிருப்பார்கள். நனைந்தால் அந்தப் பசை இளகும், காயும்போது அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கஞ்சி போட்ட வேட்டியை மடித்தபடியே காயவிட்டால் என்ன ஆகும் என்று வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேட்டியையாவது டர்ரென்று பிரிக்கலாம். அட்லஸில் ஆப்பிரிக்கா உரிந்து ஆசியாவோடு போய்விட்டது. ஆர்ட் பேப்பர் புத்தகத்தை ஈரம் காய்வதற்குள் சில மணி நேரத்திலேயே உறையவைத்தால்தான் உண்டு.

சாதாரணத் தாளுக்கு நிழலும் ஃபேனும் போதும். நாலைந்து புத்தகமென்றால் விரித்து நிறுத்தி, அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளை இருபது பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, அது ஊற ஊற மாற்றலாம். ஐந்நூறு புத்தகம் என்றால் அதற்குள் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அதற்கு இரண்டு நாள் அவகாசமே அதிகம். வெள்ளம் வருவதோ வடகிழக்குப் பருவமழையில், காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிற மாதத்தில். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் பயந்துதான். ஊறிப்போன பசையில் அதுவும் கரைந்து போகிறது.

இங்கேதான் மீன்பிடித் துறைமுகமான காசிமேடும் அங்கே உறையவைக்கிற இறாலும் வருகின்றன. 1986 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் மைய நூலகம் தீப்பிடித்தபோது, புகையாலும் தீயணைப்புத் தண்ணீராலும் கெட்டவை மட்டும் சுமார் 7 லட்சம் புத்தகங்கள். நனைந்தவற்றை இறாலும் காய்கறியும் வைக்கிற குளிர்கிடங்குகளுக்கு அனுப்பினார்கள். உறைந்த புத்தகத்தில் பூஞ்சணம் வளராது, மை ஓடாது. காயவைக்க ஆளும் பணமும் இடமும் தேட மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும்.

ஐஸ் பார்களை அடுக்கி அவற்றின் நடுவே வைத்தால் போதாதா என்று படிப்பகத்துப் பையன் ஒருவன் கேட்டான். உருகும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே இறக்காது. மீன் கெடாமல் இருக்கும், புத்தகம் உறையாது. புத்தகம் கெடாமல் உறைய -18 டிகிரிக்குக் கீழே போக வேண்டும், அதுவும் சீக்கிரம். ஏற்றுமதி இறாலை -40 டிகிரிக் காற்றில் சட்டென உறையவைப்பதற்கும் காரணம் இதுவே. மெல்ல உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகித் தசையைக் கிழிக்கும். காகித நாருக்கும் அதே கதி.

உறைந்ததைக் காயவைக்கும் வித்தை கற்பூரத்தட்டில் இருக்கிறது. டப்பாவை மூட மறந்தால் கற்பூரம் உருகாமலே காணாமல் போகுமே, பள்ளியில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதுதான். காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசத்திலிருந்து 4.6க்குக் கீழே இறங்கினால் தண்ணீருக்குத் திரவமாக நிற்க வழியே இல்லை. வெற்றிட அறையில் பனி நேரே ஆவியாகிறது. நெளிவுக்கும் ஒட்டலுக்கும் பாதிக் காரணம், வற்றும் தண்ணீரின் பரப்பு இழுவிசை நார்களைச் சேர்த்து இழுப்பது. திரவமே இல்லாத இடத்தில் அந்த இழுப்பும் இல்லை.

சாக்கடையும் எண்ணெயும் கலந்த தண்ணீர் வேறு தலைவலி. அதே டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. 1966 நவம்பரில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் தேசிய நூலகத்தில் ஆர்னோ ஆறு புகுந்தபோதும் இதே கதைதான். குளிருக்காக நிரப்பி வைத்த எண்ணெய்த் தொட்டிகள் சேற்றோடு கலந்தன. எண்ணெய் பட்ட புத்தகத்தைத் தனியே பிரித்து வைப்பதுதான் முதல் வேலை.

எங்களிடம் வெற்றிட அறை ஏது? கூரை ஒழுகி நனைந்த புத்தகப் பதிவேடு ஒன்று மட்டும் மேசை இழுப்பறையில் இருந்தது. மழைத்தண்ணீர் மட்டுமே பட்டது என்பதால் துணிந்து அக்கா வீட்டு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தேன். அதன் ஃபேன் வறண்ட குளிர்காற்றை ஓட்டிக்கொண்டே இருப்பதால், வெற்றிடம் இல்லாமலே பனி மெதுவாக ஆவியாகும்.

“இன்னாடா இது, மீன் வெக்கிற எடத்துல நோட்ட வெச்சிகினு இருக்கே?”

“ரெண்டு மாசம்க்கா, அப்புறம் எடுத்துர்றேன்.”

வாரம் ஒருமுறை எடுத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்தேன். ஒரு கிலோ நூறில் தொடங்கியது. ஒன்பதாவது வாரம் எழுநூற்று இருபது. பத்தாவது வாரமும் அதே எழுநூற்று இருபது.